காதில் போட்டுக்கொள்ளாதவன்

குத்தாயிசியில் காது டாக்டர்
என் காதைப் பார்க்கவில்லை.
"வாயைத் திற" என்றாள்.
நான் வந்தது காதுக்கு என்றேன்.
"திற."

முப்பத்தோரு வருஷம்
சியாத்துராவின் கம்பிவடத்தில் தொங்கியவன்,
அடியில் க்விரிலா கறுப்பாய் ஓட
கப்பிகளுக்குக் கிரீஸ் போட்டவன்
ஒரு டார்ச் வெளிச்சத்துக்குக் கூசினேன்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.

சூரியகாந்தி விதை உடைத்து உடைத்து
முன்பல்லில் விழுந்த பள்ளம்.
வலது கடைவாயில் இரண்டு சொத்தை.
தொட்டால் ரத்தம் விடும் ஈறு.
வலிக்கிற இரவில் திராட்சைச் சாராயத்தை
அந்தப் பக்கமே ஒதுக்கி
எரியும்வரை வைத்திருந்து விழுங்குவேன்.
மக்வாலா நாலு வருஷம் சொன்னாள்.
காதில் போட்டுக்கொள்ளவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்கள்;
இருந்தேன்,
இடது பக்கமாகக் கடித்துக்கொண்டு.

பிப்ரவரி. மூன்றாம் கோபுரம்.
முதலில் ஒரு விசில்,
எங்கோ கெட்டில் கொதித்துக்கொண்டிருக்க
அடுப்பை அணைக்க யாருக்கோ மறந்துபோனாற்போல.
அப்புறம் வலது காது அடைத்தது.
அப்புறம் ஆறு மலையேறியது,
மலை காலுக்குக் கீழே வந்தது.
இடுப்புப் பட்டையில் தொங்கினேன்.
கண்ணை மூடினால் இன்னும் வேகம்.
கீழே போன பெட்டியில் ஒன்பது பேர்;
என் காலைச் சாப்பாடு அவர்கள் கூரைமேல் விழுந்ததை
சந்தையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.
"குடித்தாயா?" என்று வயர்லெஸ்ஸில் கத்தினான் நுக்ஸர்.
இல்லை.
அன்றைக்கு இல்லை.

டாக்டர் எத்தெரி காகிதத்தில் வரைந்தாள்:
ஒரு நத்தை, அதன் முதுகில் மூன்று வளையம்.
"இதற்குப் போகிற ரத்தக்குழாய்
நூலைவிட மெல்லிசு. மாற்றுப் பாதை கிடையாது."
ஒற்றை வடமா?
"ஒற்றை வடம்."
எந்த முட்டாள் கட்டினான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

"ஈறில் பிடித்த சீழ்
டிக்கெட் வாங்காமல் ரத்தத்தில் ஏறும்.
காதுவரை வருமா?
வரலாம் என்கிறார்கள் சிலர்,
நிரூபணம் எங்கே என்கிறார்கள் சிலர்.
நான் சத்தியம் பண்ண மாட்டேன்.
ஆனால் பக்கத்து அறையில் அழுகலை வைத்துக்கொண்டு
இந்த அறையை மட்டும் ஏன் பெருக்கச் சொல்கிறாய்?"

வடம் அறுந்தால் நாங்கள்
அறுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.
துரு எங்கே தொடங்கியது என்று
நாற்பது மீட்டர் தள்ளித் தேடுவோம்.
என் தொழிலை என்னிடமே சொன்னாள்.

இரண்டையும் பிடுங்கினார்கள்.
நாற்றம் அறையில் நின்றது.
பல் டாக்டர் பையன்
பேசாமல் போய் ஜன்னலைத் திறந்தான்.
ஈறு ஆறியது. மலைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்
தத்தம் இடத்துக்குப் போயின.
காது வரவில்லை.
கெட்டிலை இன்னும் யாரும் இறக்கவில்லை.
பல்தான் காரணமா? தெரியாது.
எத்தெரிக்கும் தெரியாது.
கோபுரம் ஏற எனக்கு இனி அனுமதியில்லை,
அது மட்டும் எழுத்தில் இருக்கிறது.
கீழ் நிலையத்தில் கதவைச் சாத்தி மணி அடிக்கிறேன்.

தினம் இரண்டு நிமிஷம்
ஒற்றைக் காலில் நில் என்றார்கள்.
பல் தேய்க்கவும் இரண்டு நிமிஷமாம்.
நான் சோம்பேறி. சேர்த்துவிட்டேன்.
வாயில் நுரை, தொட்டி விளிம்பில் ஒரு விரல்,
இடது கால் அந்தரத்தில்.
மக்வாலா எண்ணுகிறாள்;
நாற்பதிலிருந்து அறுபதுக்குத் தாவுகிறாள்,
இரக்கமோ, தூக்கமோ.
வலப்பக்கம் நிற்பதால் எனக்குக் கேட்காது,
கண்ணாடியில் உதட்டைப் பார்க்கிறேன்.

பிரஷ் சத்தம் மட்டும் எலும்பு வழியே வருகிறது:
தூரத்தில் பெட்டி கிளம்பும்போது
கோபுரத்தில் கை வைத்தால் வருமே, அதுபோல.
எந்தக் காதில் என்று பிரிக்க முடியவில்லை.

"கால் மாற்று" என்கின்றன உதடுகள்.
மாற்றுகிறேன்.